சென்சாருக்கு அடியில் ரெண்டு மடிப்பு ரப்பர்

காதர் பாய் கடையின் கண்ணாடிக் கவுண்டர் மேல் அந்த கிராங்க் சென்சாரை நான் வைத்தேன் என்று எழுதினால் அது பொய். அடித்தேன். கண்ணாடி உடையாமல் போனது ரெண்டு பேருக்கும் நல்ல நேரம்.

"அசல்னு சொல்லி டூப்பு குடுத்துகினு கீற. இத்தினி வருசமா இதான் பண்ணிகினு இருந்தியா நீ?"

கேட்டது நான்தான். தண்டையார்பேட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன் சகாயம். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தீர்கள் என்றால், மேலே உள்ள அந்த ஒரு வரியே போதும்.

காதர் பாய் டி.எச். ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். என் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நடந்தால் நாலு நிமிஷம். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அவரை எப்போதும் "வாங்க பாய், சொல்லுங்க பாய்" என்றுதான் பேசுவேன். அன்றைக்கு முதல் தடவையாக நீ, வா, போ. ஊரடங்கெல்லாம் முடிந்து ரோட்டில் பழையபடி கன்டெய்னர் லாரி நெரிசல் வந்துவிட்டிருந்த சமயம் என்று ஞாபகம்.

கடையில் அப்போது ஐந்து பேர் நின்றிருந்தார்கள். எங்கள் ரோட்டு மெக்கானிக்குகள் ரெண்டு பேர், ஜானியும் மூர்த்தியும். ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர். வைப்பர் பிளேடு வாங்க வந்த முன்பின் தெரியாத ஒருவர். ஐந்தாவது ஆள், எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். பெயர் வேண்டாம், யார்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த யார்டு வண்டிகளுக்கு வேண்டிய சாமான் எல்லாம் பாய் கடையிலிருந்துதான் போகும். அந்த ஆர்டர் இருக்கிற வரைக்கும் கடை ஓடும், போனால் பாய் பாடு திண்டாட்டம். இது எங்கள் ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

பாய் பதிலுக்குக் கத்தவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து மீட்டரை எடுத்தார். சென்சாரின் ரெண்டு முனையிலும் வைத்தார். எண்ணூற்றுச் சொச்சம் ஓம்ஸ் காட்டியது. மீட்டரை அப்படியே ஐந்து பேர் பக்கமும் திருப்பினார்.

"காயில் நல்லா கீது சகாயம்."

"மீட்டர்ல காட்டும். வண்டில காட்டாது. எனுக்கே ஓம்ஸ் பாடம் எடுக்கறியா?"

சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வரும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சாமான் இன்னதென்று கொஞ்சம்

கார் ஓட்டுகிற பாதிப் பேருக்கு இப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது. வண்டி நடுரோட்டில் நின்ற பிறகுதான் அறிமுகம் ஆகும்.

எஞ்சினுக்குள்ளே சுற்றுகிற தண்டு கிராங்க் ஷாஃப்ட். அது இந்த நொடியில் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று ஈசிஎம் பெட்டிக்குச் சொல்வது இந்த சென்சார். ஈசிஎம் என்றால் வண்டியின் கம்ப்யூட்டர். சேதி வந்தால்தான் அது டீசலை அடிக்கும். வராவிட்டால் ஸ்டார்ட்டர் எவ்வளவு கத்தினாலும் கம்முனு கிடக்கும்.

ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பெரும்பாலும் அறுபது பல்லுக்கான இடம், அதில் ரெண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பான். அந்த ஓட்டைப்பல் தாண்டும்போதுதான் ஈசிஎம் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். பல்லுக்கு எதிரே, ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டு, சென்சார் உட்கார்ந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் இந்த வாரக் கதையே இருக்கிறது.

ரெண்டு வயர், மூணு வயர்

என்னிடம் வந்த சாமான்களை வைத்துச் சொல்கிறேன், எஞ்சினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

ரெண்டு வயர் சென்சார் என்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு காயில், அவ்வளவுதான். வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம். பல் தாண்டத் தாண்டத் தானே கொஞ்சம் வோல்டேஜ் உண்டாக்கும். பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? மெதுவாக மிதித்தால் விளக்கு மினுக் மினுக்கென்று அழும், வேகமாக மிதித்தால் பளிச். அதே குணம் இதற்கும்.

மூணு வயர் என்றால் ஹால் சென்சார். இதற்கு ஈசிஎம் கரண்ட் கொடுத்தாக வேண்டும். பல் வந்தால் ஆன், போனால் ஆஃப். தண்டு மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் ஒரே குரலில் சொல்லும். இதைப் போய் ஓம்ஸில் வைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒன்றும் புரியாது, சில சமயம் சென்சாரே செத்துவிடும். எங்கள் ரோட்டில் அப்படி ஓம்ஸ் பார்த்தே மூன்று சென்சாருக்குப் பால் ஊற்றிய ஆள் ஒருவர் உண்டு. அது நான் இல்லை, சத்தியமாக.

மூணு வயரைப் பார்த்ததும் ஹால்தான் என்று குதிக்கவும் கூடாது. காயில் சென்சாரிலேயே சிலதில் மூன்றாவதாக ஒரு வயர் இருக்கும். அது பக்கத்து வயர்களின் இரைச்சல் உள்ளே வராமல் தடுக்கிற மேல்சுற்று. இந்தத் தொழிலில் எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது.

வெளிச்சத்தை வைத்து வேலை செய்யும் ரகம் ஒன்று பழைய வண்டிகள் சிலதில் வந்தது. துளை போட்ட தகடு, ஒரு பக்கம் விளக்கு, இன்னொரு பக்கம் அதைப் பார்க்கிற கண். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் குருடாகிவிடும். இப்போது வருகிற புது ரகம் ஒன்று தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைக்கூடச் சொல்கிறது. சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்புகிற கார்களில் இருக்கும். அதை நான் நாலைந்து தடவைதான் தொட்டிருப்பேன்.

பாஸ்கரின் காரில் இருந்தது ரெண்டு வயர்.

எங்கள் வூட்டு வியாதி

பாஸ்கரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் காசிமேட்டுக்காரன். வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் விசைப்படகு. எங்கள் பக்கம் எந்த இரும்பையும் எந்த இரும்பின் மேலும் சும்மா உட்காரவைக்க மாட்டோம். நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு துண்டு, அதற்கு மேலும் கீழும் பசை. கிளாம்ப் ஆகட்டும், பம்ப் ஆகட்டும், பேட்டரிப் பெட்டி ஆகட்டும், ரப்பர் இல்லாமல் முடுக்கினால் ஆறே மாதத்தில் உப்புத் தின்றுவிடும்.

கடலில் சரி. எங்கள் ஆட்கள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் நாலு காலுக்கும் ரப்பர், அடுப்புக்கு ரப்பர், ஃபேன் கொக்கிக்கு ரப்பர். மாதா படம் மாட்டிய ஆணிக்குக்கூட ஒரு வட்டம். ராயபுரத்தில் பெண் எடுத்தேன். கல்யாணமான புதிதில் என் மனைவி ஸ்டெல்லா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, வூடா, படகா?" என்று கேட்டாள்.

நான் படகை விட்டு வயரிங் பக்கம் வந்தேன். ரப்பர் என்னை விடவில்லை. ஹார்ன், ரிலே, பிராக்கெட், எது மாட்டினாலும் அடியில் ஒரு துண்டு. "சகாயம் மாட்னா துரு புடிக்காது" என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு நல்ல கர்வம் உண்டு.

காலையில் மட்டும் கிளம்பாத கார்

பாஸ்கர் திருவொற்றியூர் ஆள், சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து ஓட்டுகிறவன். விடியற்காலை சடையங்குப்பம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் நாலு பேரை ஏற்றி எண்ணூரில் விடுவது அவனுடைய நிரந்தர டூட்டி; ராத்திரி வண்டியை நிறுத்துவதும் சடையங்குப்பத்தில்தான். கடலோர ரோடு. அலை பெரிதாக வருகிற நாளில் கல்லைத் தாண்டி வண்டி மேலேயே தண்ணீர் அடிக்கும்.

சூடேறினால் வண்டி நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தான். கிராங்க் சென்சாரின் முனை வெடித்திருந்தது, பிளக்கில் பச்சை பூத்திருந்தது. பாய் கடையில் புதிது வாங்கினேன். பார்த்தால் சென்சார் உட்காரும் இடம் ரொம்பக் கீழே. உப்புத் தண்ணீர் நேராக அடிக்கிற இடம்.

"கார் பண்றவனுக்கு எண்ணூர் ரோடு தெரியுமா?" என்றேன் பாஸ்கரிடம். டியூபை வெட்டி, ஒரு துண்டு போதாது என்று ரெண்டாக மடித்து, பசை தடவி, சென்சாரின் காதுக்கு, அதாவது போல்ட் ஏறும் பட்டைக்கு, அடியில் வைத்து முடுக்கினேன். சோக்காக உட்கார்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் ஒரே அடியில் கிளம்பியது.

மறுநாள் விடிகாலை கிளம்பவில்லை. தள்ளினால் கிளம்பியது. கிளம்பிவிட்டால் நாள் பூரா ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கு மறுநாளும் அதே கதை. அந்த நாலு பெண்களும் இறங்கி வண்டியைத் தள்ளியிருக்கிறார்கள்.

"வேலைக்குப் போற பொம்பளைங்க தள்றாங்க மாமு. ஒரே பேஜாரா கீது" என்றான் பாஸ்கர்.

பாயிடம் சொல்லி இன்னொரு சென்சார் வாங்கினேன். முகம் சுளிக்காமல் கொடுத்தார். பழையதிலிருந்து ரப்பரை உரித்து, புதியதன் அடியில் ஒட்டி மாட்டினேன். அதே கதை. பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், ஸ்டார்ட்டரைக் கழற்றினேன், எர்த் வயரை மாற்றினேன். ரப்பர் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

பாஸ்கர் வெறுத்துப் போய் மாதவரத்தில் வேறு மெக்கானிக்கிடம் போனான். அந்த ஆள் வேறு கடையிலிருந்து ஒரு சென்சார் வாங்கி மாட்டினான். வண்டி அன்றிலிருந்து தினமும் முதல் அடியிலேயே கிளம்பியது.

"உன் மேல தப்பில்ல மாமு. பாய் குட்த்த ரெண்டும் டூப்பு" என்றான் பாஸ்கர் போனில்.

எவ்வளவு அழகான சேதி! என் மேல் தப்பில்லை. எனக்கு வேண்டியது அதுதான். பாய் கொடுத்த முதல் சென்சார் என் மேஜையிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகப் பாய் கடைக்குப் போனேன். மேலே நீங்கள் படித்தது அதுதான்.

டேஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் கவர்

மூன்று வாரம் போயிருக்கும். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பி மூக்கை எரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். பாஸ்கர் ஹார்ன் வேலைக்கு வந்தான். ஃபியூஸ் பார்க்க டேஷ்போர்டு அறையைத் திறந்தேன். ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது.

கழற்றிய சாமானை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம், மாற்றினோம் என்பதற்குச் சாட்சியாக. மாதவரத்து மெக்கானிக் ஒழுங்கான ஆள், அப்படியே கொடுத்திருக்கிறான். கவருக்குள் பாய் கொடுத்த ரெண்டாவது சென்சார். அதன் காதில் என் ரப்பர், ரெண்டு மடிப்போடு, பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கையில் பிடித்தபடி நின்றேன். ரப்பரின் கனத்தைக் கட்டைவிரல் நகத்தால் அளந்தேன். ரெண்டரை மில்லி. அந்த அளவுக்கு சென்சார் பல்லைவிட்டு விலகி உட்கார்ந்திருக்கிறது. ஒரு மில்லி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை.

சைக்கிள் டைனமோ என்று மேலே எழுதினேன் இல்லையா, அதை ரோட்டில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். காலையில் பேட்டரி சோர்வாக இருக்கும், தண்டு மெதுவாகச் சுற்றும், காயில் கொடுப்பதே கொஞ்சம் வோல்டேஜ். அதையும் தள்ளி உட்காரவைத்தால் ஈசிஎம் காதுக்கு எப்படி எட்டும்? தள்ளினால் வேகம் கூடுகிறது, எட்டிவிடுகிறது. என் ஒர்க்‌ஷாப்பில் முழு சார்ஜ், அதனால் எட்டியது. மாதவரத்துக்காரன் படகு பார்க்காதவன். ரப்பர் வைக்காமல் மாட்டினான். அவ்வளவுதான் அவன் செய்த வித்தை.

"இன்னா மாமு, பேயறஞ்ச மாரி நிக்கற?" என்றான் பாஸ்கர்.

ரப்பரை உரித்தேன். வண்டியில் இருந்த சென்சாரைக் கழற்றிவிட்டுப் பாய் கொடுத்ததை மாட்டினேன், நேராக, இரும்பின் மேல் இரும்பாக. ஹெட்லைட்டைப் போட்டு, ஏசி ஃபேனைப் போட்டு, பேட்டரியை நன்றாகச் சோர வைத்தேன். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் முனகியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அணைத்தேன். மறுபடி ரப்பரை வைத்து முடுக்கினேன். ஹெட்லைட், ஃபேன், சாவி. ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லை. இன்னொரு தடவையும் செய்து பார்த்தேன், ஏதாவது தப்பு இருக்காதா என்ற நப்பாசையில். இல்லை.

பாஸ்கர் மெக்கானிக் இல்லை, ஆனாலும் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"பாய் கைல இன்னா சொல்லப் போற?"

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் போதாது, அசிங்கமாக இருந்தது. நான் கத்தியதைக் கேட்ட யார்டுக்காரர் ஆர்டரை நிறுத்தி அதற்குள் ரெண்டு வாரம் ஆகியிருந்தது.

ஆளில்லாத நேரம்

உடனே போனேன் என்று நினைக்காதீர்கள். ரெண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள், கடையில் கூட்டமே இருக்காத நேரமாகப் பார்த்துப் போனேன். பாய் மத்தியானத் தொழுகைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். வேறு யாருமில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

"பாய், தப்பு என் மேல. உங்க சென்சார் ரெண்டும் நல்ல சென்சார். நான் அடில ரப்பர் வச்சேன், கேப் அதிகமாயி சிக்னல் வர்ல. மன்னிச்சுக்கோங்க."

பாய் ஒரு பெட்டியில் ஃபியூஸ்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அன்னிக்கு இங்க எத்தினி பேர் இருந்தாங்க சகாயம்?"

"அஞ்சு பேர் பாய்."

"நீ சொன்னத அந்த அஞ்சு பேரும் கேட்டாங்க. இப்ப நீ சொல்றத நான் மட்டும் கேக்கறேன். எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரத்த எங்கிட்டயே வந்து சொல்ற. என் சாமான் அசலுன்னு எனக்குத் தெரியாதா?"

அடுத்த ஃபியூஸை எடுத்தார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

ஐந்து பேர்

ஷேர் ஆட்டோ டிரைவரை டோல்கேட் ஸ்டாண்டில் பிடித்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். "ரப்பரா! நல்லா உதார் உட்டியே அன்னிக்கு" என்று கலாய்த்தான். நம்பினான். அது போதும்.

ஜானி என் சொந்தக்காரன் மாதிரி. "நான் அப்பவே நெனச்சேன்" என்றான். நினைத்தால் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது. எனக்குக் கேட்க வாயில்லை.

மூர்த்தியிடம் போனபோதுதான் ஆடிப்போனேன். "அட வுடு நைனா. பாய் எனுக்குங்கூட ரெண்டு பீஸ் டூப்பு குட்த்துகிறார்" என்றான். எப்போது, என்ன பீஸ் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. நான் கத்திய அன்றைக்குப் பிறகு யாரிடமோ பேச்சுவாக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறான், சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான். அவனை உட்காரவைத்து, சென்சாரையும் ரப்பரையும் எதிரில் வைத்து, ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "சரி, எனுக்கு வேற கட பீஸா இருக்கும்" என்றான். மனசில்லாமல்தான் சொன்னான்.

வைப்பர் வாங்கியவரைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அவர் வண்டியில் ஒட்டியிருந்த ஒரு ஜிம்மின் ஸ்டிக்கர் ஜானிக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஜிம்மில் விசாரித்து எர்ணாவூரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "எந்தக் கடைங்க? நான் வைப்பர் வாங்கிட்டுப் போயிட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்லயே" என்றார். அவர் மனைவி மோர் கொடுத்தார்.

கடைசியாக யார்டுக்காரர். கேட்டிலேயே அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். கரி தூசும் வெயிலும். அவர் வந்து நான் சொல்வதை முழுக்கக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. சென்சாரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ரப்பரையும் பார்த்தார்.

"ஏங்க சகாயம், நீங்க அவ்ளோ கோவமா வந்து கத்துனீங்க. இப்ப வூடு வூடா போயி நல்லவருன்னு சொல்றீங்களாமே. பாய் உங்களுக்கு எவ்ளோ குடுத்தாரு?"

வண்டியைக் காட்டிப் புரியவைக்கிறேன், பாஸ்கரைக் கூட்டிவருகிறேன் என்றேன். போன் வந்தது, பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

யார்டு ஆர்டர் திரும்பி வரவில்லை. பாய் கடையை மூடிவிடவில்லை. வேலை செய்த ரெண்டு பேரை அனுப்பிவிட்டு இப்போது தனியாகப் பார்க்கிறார். பாதிக் கடையை ஒரு செல்போன் ரிப்பேர்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் இன்றைக்கும் அங்கேதான் சாமான் வாங்குகிறேன். சாமான் பெயரைச் சொன்னால் எடுத்து வைப்பார், பில் போடுவார்.

இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தது அந்த ஐந்தாவது ஆளுக்காக. யார்டுக்கார ஐயா, உங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் சலூனில் இந்தப் பத்திரிகை போடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். காதர் பாய் கொடுத்த ரெண்டு சென்சாரும் அசல். தப்பு என் ரப்பர் மேல், என் வாய் மேல். அன்றைக்கு ஐந்து பேர் எதிரில் சொன்னதை இப்போது இந்தப் பத்திரிகையைப் படிக்கிற அத்தனை பேர் எதிரிலும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பாய் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டீர்கள். அன்றைக்கு மத்தியானம், ஃபியூஸைப் பிரித்துக்கொண்டே என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டார் அல்லவா, அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.